உள்ளாளும் வெளியாளும்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கிறது. அடையாள அட்டையைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை. எல்லோருக்கும் அவர் கயிற்றுக்காரர். பழைய வண்டிகளுக்கு முன் கண்ணாடி மாற்றுவது தொழில். புது வண்டிகளில் கண்ணாடியைப் பசை வைத்து ஒட்டுகிறார்கள், அது வேறு ஆட்கள் சமாச்சாரம். பழைய வண்டிக்குக் கயிறுதான். கண்ணாடியைச் சுற்றி ரப்பர் மாட்டி, ரப்பரின் பள்ளத்தில் கயிற்றை ஓடவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து வண்டியின் முன்பக்கத் திறப்பில் வைத்துப் பிடிக்க வேண்டும். உள்ளே ஒருத்தர் உட்கார்ந்து கயிற்றை உருவுவார். கயிறு வர வர ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி மடிந்து கவ்விக்கொள்ளும். இத்தனை வருஷம் கயிற்றோடு பிழைத்தும் மனுஷருக்குக் கயிறு திரிக்கத் தெரியாது. பொய் சொல்ல வாயைத் திறந்தாலே காது சிவந்துவிடும்.

இது ஒற்றை ஆள் வேலை இல்லை. கயிறு உருவுகிறவர் உள்ளாள். கண்ணாடியைத் தாங்கிக்கொண்டு, கயிறு வருகிற இடத்தில் உள்ளங்கையால் தட்டிக் கொடுக்கிறவர் வெளியாள். எப்போது தட்டுவது என்று உள்ளாள் சொல்வார். "அந்த இடத்துல ஒரு அடி விடு" என்பது தேய்ந்து தேய்ந்து, பட்டறையில் வெறும் "விடு" ஆகிவிட்டது.

இருபத்திரண்டு வருஷமாக வெளியாள் அவருடைய மச்சான், பெண்டாட்டியின் தம்பி. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு லாரிக்காரர் சும்மா இருக்காமல், "உங்கள்ல யாரு மேஸ்திரி, யாரு கையாளு?" என்று கேட்டுத் தொலைத்தார். இரண்டு வாயிலிருந்தும் ஒரே நேரத்தில், "நான்தான் மேஸ்திரி" என்று வந்தது. அன்றோடு பேச்சு வார்த்தை கிடையாது. மச்சான் அடுத்த தெருவில் தனியாகப் பட்டறை போட்டார். இங்கே இழுக்க ஆள் உண்டு, தட்ட ஆள் இல்லை. அங்கே தட்ட ஆள் உண்டு, இழுக்க ஆள் இல்லை. இரண்டு மேஸ்திரிகளும் கௌரவமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பள்ளிக்கூடத்தில் வண்டிகளைக் கவனிக்கிற மேனேஜர் வந்தார். பன்னிரண்டு வேன், எல்லாம் பழசு, எல்லாவற்றிலும் கண்ணாடிக்கு ஏதாவது ஒரு நோய். "முதல்ல ஒரு வண்டிய அனுப்பறேன். பதினோரு மணிக்கு நானே வந்து வேலையப் பாக்கறேன். புடிச்சிருந்தா பன்னெண்டும் உங்களுக்கு" என்றார். இதுவும் கைநழுவினால் பட்டறையைப் பூட்டிவிட்டு எங்காவது வாட்ச்மேனாகப் போய் உட்காருவது என்று கயிற்றுக்காரர் பெண்டாட்டியிடம் சொல்லியிருந்தார்.

சொன்ன நாளில் வேனை ஓட்டுநர் காலை ஒன்பது மணிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். கண்ணாடியில் இடது மூலையிலிருந்து நடுவரைக்கும் மின்னல் மாதிரி ஒரு விரிசல். அதற்கு மாற்றுக் கண்ணாடி இப்போது யாரும் செய்வதில்லை. கயிற்றுக்காரர் நான்கு பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி ஒன்றே ஒன்றைப் பிடித்து, துணி சுற்றி வைத்திருந்தார்.

வெளியாள்? வீட்டுக்கு வந்திருந்த மருமகன் சிக்கினார். செல்போன் கடையில் வேலை. கண்ணாடி ஒட்டுகிற கைதான், ஆனால் உள்ளங்கை அகலக் கண்ணாடி.

"ஒண்ணும் பெரிய விஷயம் இல்லீங்க மாப்ள. புடிச்சுக்கிட்டு, நான் சொல்றப்ப தட்டுங்க."

"அவ்ளோதான மாமா!"

விரிசல் கண்ணாடி பதவிசாகக் கழன்று வந்தது. அதைச் சுவரோரம் சாத்தினார்கள். மாற்றுக் கண்ணாடியைத் தூக்கி வைத்து மருமகனைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கயிற்றுக்காரர் உள்ளே போய் உட்கார்ந்தார். கயிறு ஒரு சாண் வந்தது. வழக்கம்போல "விடு" என்று வாயில் வந்துவிட்டது. ஆனால் எதிரே நிற்பது பெண்ணைக் கட்டியவர். அவரைப் போய் விடு, எடு என்றால் நன்றாகவா இருக்கும்? மரியாதையைச் சேர்த்துக்கொண்டார்.

"விடுங்க மாப்ள."

மாப்பிள்ளை விட்டுவிட்டார்.

கண்ணாடி தரையில் இறங்கிய சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து பெண்டாட்டி ஓடிவந்தார். ஒரு விரிசலுக்குப் பதிலாக வாங்கி வைத்திருந்த கண்ணாடியில் இப்போது இருநூறு விரிசல் இருந்தது.

"நீங்கதான மாமா விடுங்கன்னு சொன்னீங்க?"

இதே காரியத்தை மச்சான் செய்திருந்தால் வசவு அடுத்த தெருவரைக்கும் போயிருக்கும். மருமகனை என்ன சொல்வது? கயிற்றுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார். "பரவால்லீங்க மாப்ள. கையில ஒண்ணும் படலையே?"

மணி பத்தேகால். பெண்டாட்டி யாரையும் கேட்கவில்லை. தம்பிக்குப் போன் போட்டார். "ஒங்க மாமா கூப்பிடல. நான் கூப்பிடறேன், வாடா."

பத்து நிமிஷத்தில் மச்சான் வந்து நின்றார். கீழே கிடந்ததைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். கயிற்றுக்காரரை மட்டும் பார்க்கவில்லை.

"அக்கா, என்ன நடந்துச்சுன்னு கேளு."

"இவரு விடுங்கன்னாராம், அவரு விட்டுட்டாராம்."

மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பு அடங்கினதும், "பழச எங்க வச்சிருக்காருன்னு கேளு" என்றார்.

"கண்ணு அவிஞ்சா போச்சுன்னு கேளு. சுவத்தோரம்தான் நிக்குது" என்றார் கயிற்றுக்காரர் பெண்டாட்டியிடம்.

"அதையே மாட்டலாமான்னு கேளு."

கயிற்றுக்காரர் யோசித்தார். விரிசல் விட்ட கண்ணாடியைத் திரும்பப் பொருத்துவதாவது! ஒரு தட்டு கூடினால் விரிசல் அந்தக் கோடிவரை ஓடிவிடும். ஆனால் வெறும் ஓட்டையைக் காட்டுவதற்கு இது மேல். ரப்பரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். சம்மதம் என்று அக்காவும் தம்பியும் எடுத்துக்கொண்டார்கள்.

பழைய கண்ணாடிக்கு ரப்பர் மாட்டி, பள்ளத்தில் கயிறு ஓட்டி முடிக்கவும் மேனேஜர் வந்து இறங்கவும் சரியாக இருந்தது.

"என்ன இது, பழைய கண்ணாடி மாதிரி இருக்கு?"

"பழசேதான் சார். வாங்கி வச்சது ஒடஞ்சிருச்சு."

"யாரு ஒடச்சது?"

மருமகன் செல்போனை எடுத்து மும்முரமாகப் பார்த்தார். "கீழ விழுந்துருச்சு சார்" என்றார் கயிற்றுக்காரர். பொய் இல்லை. இருந்தாலும் காது சிவந்தது.

மேனேஜர் முகம் சுருங்கியது. "அப்ப நான் எதப் பாக்க வந்தேன்?"

மச்சான் குறுக்கே புகுந்தார். "நல்ல கண்ணாடிய எவன் வேணா மாட்டுவான் சார். விரிசல் விட்டத மாட்டறத நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லைதான். மேனேஜர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, விரிசல் முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். "இதத் தாண்டுச்சுன்னா நான் கெளம்பிருவேன்."

கயிற்றுக்காரர் உள்ளே ஏறினார். மச்சான் வெளியே இரண்டு கையையும் விரித்துத் தாங்கினார். மூன்று மாதத்துக்கு அப்புறம் முகத்துக்கு முகம், நடுவில் ஒரு விரிசல்.

"விடு."

தட்.

"விடு."

தட். தட்.

கீழ்ப் பக்கம் அடங்கியது. வலது பக்கம் அடங்கியது. மேலே வளைந்து விரிசல் தொடங்குகிற இடது மூலைக்குக் கயிறு வந்தபோது உள்ளாள் வாயே திறக்கவில்லை. கயிற்றை நூல் நூலாக இழுத்தார். வெளியாள் அடிக்கவும் இல்லை. கட்டைவிரலின் அடிச்சதையை வைத்து, பிள்ளையின் முதுகைத் தடவுவது போல அழுத்தினார். ரப்பர் 'பொளக்' என்று உட்கார்ந்தது. கயிறு முழுசாகக் கையோடு வந்தது.

மேனேஜர் குனிந்து பார்த்தார். பேனாக் கோடு போட்ட இடத்தில் இருந்தது. விரிசல் அதற்கு இந்தப் பக்கம் நின்றது.

"திங்கக்கிழமையிலேருந்து தினம் ஒரு வண்டி வரும். இவரும் இருக்கணும், அவரும் இருக்கணும்" என்றார்.

இவர் கயிற்றைச் சுருட்டினார், அவர் கையைத் துடைத்தார்.

"இருப்பாங்க சார்" என்றார் பெண்டாட்டி.

மேனேஜர் போய்விட்டார். மருமகனும் குளிக்க வேண்டும் என்று வீட்டுக்குள் போனார். ஓட்டுநர் மட்டும் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார். பேனாக் கோட்டை எச்சில் தொட்டு அழித்தார்.

"காலைல ஒம்போது மணிக்கு வெரிசலோட வந்தேன். மத்தியானம் அதே வெரிசலோட போறேன். நீங்க என்னதான்யா வேல செஞ்சீங்க?"

"சோப்புப் போட்டுக் கழுவியிருக்கோம்ல?" என்றார் மச்சான். "முன்ன மங்கலாத் தெரிஞ்சுது. இப்ப வெரிசல் எவ்ளோ பளிச்சுன்னு தெரியுது பாருங்க."