வஃப்ரா சாலையில் ஒரு கம்பளிச் சுருள்

2005 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, குவைத்தின் ஃபஹாஹீலில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் வாசலில் பெரிய வெள்ளை ஜீப் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஃபைசல், என் கணவருடைய முதலாளியின் தம்பி. குளிர்காலத்தில் குவைத்திக் குடும்பங்கள் பாலைவனத்தில் கூடாரம் அடித்து வாரக்கணக்கில் தங்குவார்கள். அப்படியொரு கூடாரத்துக்கு முதலாளி வீட்டார் எங்களை மதிய விருந்துக்கு அழைத்திருந்தார்கள். அந்த நாட்டில் ஆறு வருடம் இருந்தும் கடற்கரைச் சாலையையும் கடைத்தெருவையும் தவிர நான் வேறெதையும் பார்த்ததில்லை.

கணவர் முன்னால் ஏறினார். நானும் எட்டு வயது மகள் நித்யாவும் பின்னால். காலடியில் ஒரு பழுப்புக் கம்பளி நீளவாக்கில் சுருட்டிக் கிடந்தது. விருந்துக்கு வெறுங்கையோடு போவானேன் என்று புளியோதரை கொண்டுபோயிருந்தேன். தூக்கு கவிழாதபடி அந்தச் சுருளில் சாய்த்து வைத்தேன். நித்யாவுக்கு உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது. சுருளின் மேல் வசதியாக வைத்துக்கொண்டாள்.

தெற்கே வஃப்ராவுக்குப் போகும் சாலை அது. நாங்கள் போகவேண்டிய தூரம் சுமார் நாற்பது கிலோமீட்டர். வழியில் பெட்ரோல் போட்டார் ஃபைசல். லிட்டர் அறுபத்தைந்து ஃபில்ஸ். எங்களுக்கு வாங்கித் தந்த தண்ணீர் பாட்டில் நூறு ஃபில்ஸ். சுத்திகரிப்பு ஆலைகளின் தீ நாக்குகள் பின்னால் போனதும் தரை தட்டையாகி, இருபுறமும் கூடாரங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் ஜெனரேட்டர், டிஷ் ஆன்டெனா. ஹேர் டிரையர் இல்லாமல் தன் மனைவி பாலைவனத்தில் காலெடுத்து வைப்பதில்லை என்று ஃபைசல் இந்தியில் சொல்ல, கணவர் தேவைக்கு மேலேயே சிரித்தார்.

“அம்மா, இதுக்குள்ள ஏதோ பைப் இருக்கு” என்றாள் நித்யா.

கம்பளியின் ஓரத்தை விலக்கினேன். பளபளப்பான மரக்கட்டை, அதற்கப்பால் இரும்பு. வங்கிக் காவலாளியின் தோளில் தவிர வேறெங்கும் நான் துப்பாக்கி பார்த்ததில்லை. குழலின் வாய் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. கணவரிடம் தமிழில் சொன்னேன். அவர் திரும்பவில்லை.

“அவங்க வண்டி, அவங்க துப்பாக்கி. நீ பேசாம இரு.”

எனக்கும் புரியாமல் இல்லை. அவருடைய வேலை, எங்கள் விசா, குடியிருக்கும் வீடு எல்லாமே அந்தக் குடும்பத்தின் கையில்தான். ஆனால் ஃபைசல் கண்ணாடியில் பார்த்துவிட்டார். பறவை சுடும் துப்பாக்கி, உரிமம் என் பையில் இருக்கிறது, மாஃபி முஷ்கிலா, ஒன்றும் பிரச்சினை இல்லை என்றார். சாலையில் கொண்டுபோகும்போது தோட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பது சட்டமாம். நேற்று கடைசியாகச் சுட்டது அவருடைய பெரியப்பா மகன். அவனுக்கும் அது தெரியுமாம். அவன் எடுத்ததை ஃபைசல் கண்ணால் பார்க்கவில்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

“என்னங்க, நித்யாவுக்கு வாந்தி வருதாம். நிறுத்தச் சொல்லுங்க.”

“எனக்கு வரலையே” என்ற நித்யாவின் தொடையைக் கிள்ளினேன். வாந்தி என்றால் எந்த ஊரிலும் வண்டி நிற்கும். அவளை இழுத்துக்கொண்டு இறங்கிச் சாலையோர மின்கம்பம் வரை நடந்தேன். கணவர் பின்னாலேயே வந்தார்.

“அதைத் திறந்து காட்டச் சொல்லுங்க. அப்புறம் ஏறுறோம்.”

“என் வேலைக்கே உலை வைக்கிறியா?”

“வேலை வேற தேடிக்கலாம்ங்க.”

நித்யாவைப் பார்த்தார். பிறகு ஜீப்பருகே போய் இந்தியில் ஏதோ சொன்னார். ஃபைசல் சிரித்தார். பயந்த குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுவதுபோலத் துப்பாக்கியை எடுத்து, குழலை மணல்வெளிப் பக்கம் திருப்பி, நடுவில் மடக்கித் திறந்தார்.

உள்ளே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பித்தளை வட்டங்கள். தோட்டாக்களின் அடிப்பாகம்.

அவற்றை உருவி எடுக்க அவருக்கு நேரமானது. பிறகு ஜீப்பின் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையில் இருந்த அந்தச் சிவப்புக் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “நேற்று வேட்டை முடிந்து திரும்பும்போது என் மகள் அந்த இடத்தில்தான் தூங்கிக்கொண்டு வந்தாள்” என்றார். கணவர் அதை எனக்குத் தமிழில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். எனக்கு ஏற்கெனவே புரிந்திருந்தது.

துப்பாக்கி வண்டியின் பின்புறம் போனது. தோட்டாக்கள் முன்பக்கப் பெட்டிக்குள். கொஞ்ச தூரத்தில் போலீஸ் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஃபைசல் தானே இறங்கி எல்லாவற்றையும் காட்டினார். காவலர் உரிமத்தைப் படித்து, வெற்றுக் குழல் வழியே வானத்தைப் பார்த்துவிட்டு, போகச் சொன்னார். தோட்டா உள்ளே இருந்திருந்தால் உரிமம் போயிருக்கும், வண்டியில் இருந்த எல்லோரும் ஸ்டேஷனில் இருந்திருப்போம் என்று பிறகு சொன்னார் ஃபைசல். கணவர் என் பக்கம் திரும்பினார். புளியோதரைத் தூக்கை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

விருந்து நன்றாகவே நடந்தது. எங்களுக்கென்று தனியாகக் கறி சேர்க்காத சோறு வைத்திருந்தார்கள். புளியோதரையை அந்த வீட்டுப் பெண்கள் உறைக்க உறைக்கச் சாப்பிட்டார்கள். ஃபைசலின் மகளுக்கு நான்கு வயது. என்னால் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை.

மாலை நான்கரைக்குக் கிளம்பினோம். எங்களை ஏறச் சொல்லும் முன் ஃபைசல் ஜீப்பின் கதவுகள் எல்லாவற்றையும் திறந்தார். தரை மிதியடிகளைத் தூக்கிக் காட்டினார். கம்பளியை உதறி, விரித்துப் பிடித்து, இரண்டு பக்கமும் காட்டினார். அதன்பிறகே “யல்லா”, கிளம்பலாம் என்றார்.

எங்கள் கும்பகோணத்து டவுன் பஸ்ஸில் குழந்தைக்காகப் பயப்படுவதென்றால் ஜன்னலைப் பார்த்துப் பயப்படுவோம். கையை நீட்டாதே, தலையை நீட்டாதே என்போம். காலடியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

நித்யா ஏறியதும் இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இனி ஒன்றும் இல்லை, காலைக் கீழே வை என்றேன். “வேணாம்மா” என்றாள். ஆலைகளின் தீ கண்ணில் படும்வரை அப்படியே வந்தாள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை மேலே எடுத்து வைத்துக்கொண்டேன்.