மதினி பெயரில் மூன்று வருஷம்

அருப்புக்கோட்டையில் நைட்டி தைக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். அங்கே வருகைப் பதிவேட்டை எப்படிப் புரட்டினாலும் முதல் மூன்று வருஷத்தில் என் பெயர் கிடைக்காது. என் மதினியின் பெயர்தான் இருக்கும். கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையில் படம் என்னுடையது, பெயர் அண்ணன் பெண்டாட்டியுடையது. யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், முதல் ஒரு மாதம் நானே வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்துவிடுவேன். காது மந்தம் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். கால்தான் ஊனம், காதுமா என்று பரிதாபப்பட்டிருப்பார்கள்.

சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து என் இடது கால் சூம்பிவிட்டது. அதற்காக அரசாங்கத்தில் மாதாமாதம் உதவித்தொகை வருகிறது. அம்மா திருச்சுழி தாலுகா ஆபீஸுக்கு எத்தனையோ தடவை பஸ் ஏறி, ஒவ்வொரு மேஜையாகக் கெஞ்சி வாங்கிக் கொடுத்தது அது. அம்மா போன பிறகு ஊரில் அந்த ஓட்டு வீட்டில் நான் மட்டும்தான். அண்ணனும் மதினியும் பிள்ளைகளோடு காரியாபட்டியில் இருக்கிறார்கள். யார் முகத்தையும் பார்க்காமல், யாருக்கும் நன்றி சொல்லாமல் எனக்கென்று வருவது அந்த உதவித்தொகை ஒன்றுதான்.

கம்பெனி வேலை கிடைத்தபோது சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். உட்கார்ந்து பார்க்கிற வேலை. தைத்து வரும் நைட்டியில் தொங்கும் நூலை வெட்டிவிட்டு, தையல் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெயின் ரோட்டில் எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்குக்கே வேன் வரும். எல்லாம் சரி, ஆனால் ஊரில் ஒரு பேச்சு இருந்தது. என்னைப் போலவே கால் சரியில்லாத ஒருவர் மில்லில் சேர்ந்ததும் அவருக்கு உதவித்தொகை நின்றுவிட்டதாம். பி.எஃப். பிடித்தார்கள், கம்ப்யூட்டரில் ஆதார் நம்பரைத் தட்டினார்கள், ஆபீஸில் தெரிந்துவிட்டது என்றார்கள். உண்மையில் எதனால் நின்றது என்று ஒருத்தரும் போய்க் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் நம்மையும் நோண்டுவார்கள் என்ற பயம்.

மதினிதான் வழி சொன்னாள். "என் ஆதாரக் குடுத்துச் சேந்துக்க. நான் என்ன வேலைக்கா போறேன்? சம்பளம் என் அக்கவுண்டுல விழுந்ததும் எடுத்துத் தந்துடுறேன்." சூப்பர்வைசருக்கு ஆள் வந்தால் சரி. மதினி சொன்ன சொல் தவறவில்லை. அவளைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

பெயரோடு அவளுடைய புருஷனும் பிள்ளைகளும் சேர்ந்து வருவார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

முதல் நாள் மதியச் சாப்பாட்டில், பக்கத்தில் உட்கார்ந்து நூல் வெட்டும் அக்கா கேட்டாள். "வீட்டுக்காரரு என்ன செய்றாக?"

"லோடு வண்டி ஓட்டுறாக." அது அண்ணன் தொழில்.

"பிள்ளைக?"

"ரெண்டு. மூத்தது பொண்ணு. சின்னவன் ரெண்டாப்புப் படிக்கான்."

எங்கிருந்துதான் வந்ததோ, தங்குதடையில்லாமல் வந்தது. அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. அண்ணன் மகளின் மார்க்கெல்லாம் என் மகள் மார்க்காயிற்று. சின்னவனுக்குக் காய்ச்சல் என்று மதினி போனில் சொன்னால், மறுநாள் நான் கம்பெனியில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. நாற்பது வயது வரை யாரும் பெண் கேட்டு வராதவளுக்கு, பகலில் எட்டு மணி நேரம் ஒரு குடும்பம் இருந்தது. சாயங்காலம் விலக்கில் இறங்கி, பூட்டைத் திறந்து, ஒரு தட்டை எடுத்து வைத்துச் சாப்பிடும்போதுதான் அது இல்லாமல் போகும்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. சனிக்கிழமை தவறாமல் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் ஏதாவது கொண்டுவருவாள். கருப்பட்டிப் பணியாரம், அவித்த முட்டை, சில நாள் சேவு. "சின்னவனுக்குக் குடு" என்று என் பையில் வைத்துவிடுவாள். முதல் தடவை காரியாபட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த வாரம் போக முடியவில்லை, கெட்டுப்போகுமே என்று நானே தின்றேன். இரண்டாவது தடவைக்கு அந்தச் சாக்கும் கிடையாது. திங்கட்கிழமை டப்பாவைக் கழுவிக் கொடுத்து, "இன்னும் கேட்டான்க்கா" என்பேன். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிடும்.

வருஷத்துக்கு ஒருமுறை, உயிரோடுதான் இருக்கிறோம் என்று திருச்சுழியில் போய்க் காட்ட வேண்டும். போன தடவை மேஜையில் புதிதாக ஓர் அம்மா இருந்தார்கள். "வேலை ஏதும் பாக்குறீகளா?" என்று கேட்டார்கள். "இல்லைங்கம்மா" என்றேன்.

"பாத்தாத்தான் என்ன? தனியார் கம்பெனியில சின்னச் சம்பளம் வாங்குறதுக்கெல்லாம் நிப்பாட்ட மாட்டாக. விதி மாறி எத்தனையோ வருசமாச்சே. உங்க ஊருல யாரும் சொல்லலையா?"

திரும்பும்போது பஸ்ஸில் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். வழி நெடுகச் சீமைக்கருவேலம்தான். என் வாயில் ஒரு கேள்வி இருந்திருந்தால் மூன்று வருஷமும் என் பெயரில் உழைத்திருப்பேன். ஒரு தடவையாவது என் சம்பளம் என் கணக்கில் விழுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

என் சொந்தப் பெயருக்கு மாற்றச் சொன்னதும் சூப்பர்வைசர் முனகினார். புது ஆளாகத்தான் சேர்க்க முடியும், பழைய வருஷமெல்லாம் கணக்கில் வராது என்றார். சரி என்றேன். படிவத்தில் கணவர் பெயரை அடித்துவிட்டு அப்பா பெயரை எழுதினேன். இரண்டு வாரத்தில் புது அட்டை வந்தது. அவர் அதை என் மேஜையில் வைத்து, பெயரை உரக்க வாசித்துவிட்டுப் போனார்.

"இது யாரு?" என்றாள் அக்கா.

மதியச் சாப்பாட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். உதவித்தொகை, மதினி, அண்ணன் பிள்ளைகள், பூட்டிய வீடு, ஒன்று விடவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இல்லையென்றால் சிரிப்பாள். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அப்ப அந்தப் பணியாரமெல்லாம்?"

"நான்தான்க்கா தின்னேன்."

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள். "உனக்குன்னு கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

இப்போதும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கத்தரிக்கோல் கேட்டால் தருகிறாள். என்னை என் சொந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், அதுவும் வேலையாக இருந்தால் மட்டும். உதவித்தொகை நிற்கவில்லை, மாதம் தவறாமல் போனில் மெசேஜ் வந்துவிடுகிறது. சனிக்கிழமை டப்பா வருவதில்லை.