விழுந்த கட்டத்துக்கும் எழுந்த கட்டத்துக்கும் நடுவே

சினிமா சண்டைக்காரர்களிடம் ஒரு விதி உண்டு. விழுந்தவர் தானாக எழக் கூடாது. 'கட்' சொன்ன பிறகும் அப்படியே கிடக்க வேண்டும். மாஸ்டர் ஓடி வந்து கையை அசை, காலை அசை என்று சொல்லிப் பார்த்துவிட்டுத் தோளில் தட்டுவார். அதன் பிறகுதான் எழலாம். அடிபட்ட சூட்டில் வலி தெரியாது. முறிந்த எலும்போடு எழுந்து நின்றால் சிறு முறிவும் பெரிதாகிவிடும். இந்த விதியை எந்த மருத்துவரும் வந்து அவர்களுக்குச் சொல்லவில்லை. எழுந்து கெட்டவர்களைப் பார்த்து அவர்களே வைத்துக்கொண்டது.

பூனை இந்த விதியை ஒரே ஒரு முறைதான் மீறினாள். மீறுவதற்குத்தான் அன்று அவளுக்குச் சம்பளம்.

பூனை என்பது மாஸ்டர் வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் உயரம் தாண்டிக் கோப்பை வாங்கியவள். கோப்பையைக் காட்டினால் வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, அதைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். எல்லாரும் கோப்பையை வாங்கிப் பார்த்தார்கள், பளபளப்பாக இருக்கிறது என்றார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் மாஸ்டரின் பயிற்சிக் கூடத்துக்குப் போய், அலமாரி மேல் ஏறிக் கீழே குதித்துக் காட்டினாள். முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்த மாஸ்டருக்கு அவள் குதித்ததே தெரியவில்லை. "சத்தமே இல்லாம விழுதே, பூனையா இது?" என்றார். அன்றிலிருந்து அவளுக்கு வேறு பெயர் இல்லை.

கதாநாயகிகளுக்குப் பதிலாக மாடிப்படியில் உருண்டாள். ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிடப்பட்டாள். ஒருத்திக்காக ஆற்றில் மூழ்கினாள், இன்னொருத்திக்காகத் தீக்குள் ஓடினாள். திரையில் அவள் முகம் ஒருநாளும் வந்ததில்லை. அவளும் அவளுடைய அக்காவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்காவுக்குச் சந்தையில் காய்கறிக் கடை. தங்கச்சி நடித்த படம் வந்தால் அக்கா கடையைச் சீக்கிரம் மூடிவிட்டுத் தியேட்டருக்குப் போய்விடுவாள்.

"அதோ! அதோ பாரு, நம்ம பூனையோட முதுகு!"

முன் வரிசைக்காரர் திரும்பி முறைப்பார்.

"என்னங்க முறைக்கிறீங்க? உங்க வீட்டு முதுகு என்னைக்காவது சினிமாவுல வந்திருக்கா?"

அப்படி இருக்கும்போதுதான் சாகாவரம் பெற்ற வீரர்களின் படம் வந்தது. வாரப் பத்திரிகையில் பல காலமாக வந்துகொண்டிருந்த சித்திரக்கதை அது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சாகாமல் போரிடும் ஒரு சிறு கூட்டம். அதற்கு ஒரு தலைவி. குண்டு பாய்ந்தால் குண்டு தானே வெளியே வந்து விழும். எலும்பு முறிந்தால் கழுத்தை ஒரு சொடுக்குச் சொடுக்குவாள், முறிந்ததெல்லாம் கூடிவிடும். அந்தச் சொடுக்குக்காகவே பத்திரிகை விற்றது. பள்ளிப் பிள்ளைகள் தெருவில் கழுத்தைச் சொடுக்கிக்கொண்டு திரிந்தார்கள்.

அந்தக் கதையில் ஒரு பக்கம் பேர் போனது. அதில் ஒரு சித்திரக் கட்டத்தில் தலைவி கண்ணாடியை உடைத்துக்கொண்டு மாடியிலிருந்து ஒரு கார் மேல் விழுவாள். அடுத்த கட்டத்தில் எழுந்து நிற்பாள். இயக்குநர் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் படப்பிடிப்புத் தளத்தில் ஒட்டி வைத்திருந்தார். விழுவதையும் எழுவதையும் வெட்டாமல் ஒரே ஷாட்டாக எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வெட்டினால் சாதாரண சண்டைப் படம், வெட்டாவிட்டால் அதிசயம் என்றார். படம் வரைந்தவருக்கு இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைக் காகிதம் இருந்தது. அந்த வெள்ளையில் என்ன நடந்தது என்று அவர் வரைய வேண்டியிருக்கவில்லை. பூனை அதற்குள் விழுந்து, அதற்குள்ளிருந்து எழ வேண்டியிருந்தது.

வெட்டாத ஷாட்டில் மெத்தை போட முடியாது, தெரிந்துவிடும். அதனால் காரின் கூரைத் தகட்டுக்கு அடியில் இருக்கும் குறுக்குக் கம்பிகளை அறுத்து எடுத்துவிட்டு, உள்ளே ஸ்பாஞ்சை அடைப்பது என்று மாஸ்டர் திட்டம் போட்டார். நல்ல திட்டம்தான். கம்பிகளை அறுக்கும் ஆள் காலையிலிருந்து காருக்குள் படுத்துக்கொண்டு அறுத்துக்கொண்டிருந்தான். அவன் முடிப்பதற்குள் தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்துவிட்டார்.

"சார், இன்னும் ஒரு கம்பி பாக்கி இருக்கு. கொஞ்சம் பொறுங்க, அறுத்துடறோம்" என்றார் மாஸ்டர்.

"ஜோசியர் குடுத்த நேரம் முடியப்போகுது மாஸ்டர். இதை விட்டா இந்த மாசமே நல்ல நேரம் இல்ல. அந்தக் கம்பி எந்தப் பக்கம் இருக்கு?"

"பின் பக்கம்."

"அப்ப முன் பக்கமா விழச் சொல்லுங்க."

கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் சுற்றும் கோள்கள் தன் படத்துக்கு நன்மை செய்யும் என்று நம்பியவர், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இரும்புக் கம்பி ஒருத்திக்குத் தீமை செய்யும் என்பதை நம்பவில்லை. மாஸ்டருக்கு இரும்பைத் தெரியும். தெரிந்தும் மேலே பார்த்துக் கையை உயர்த்தி, "பூனை, முன்னாடி வந்து விழு" என்று கத்தினார். காருக்குள் இருந்தவனை வெளியே இழுத்தார்கள்.

அவள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தாள். உடைந்த கண்ணாடி காலைத் தட்டிவிட, சொன்ன இடத்துக்கு ஒரு முழம் பின்னால் விழுந்தாள். கூரை உள்வாங்கியது, கம்பி உள்வாங்கவில்லை. இடுப்புக்கு மேலே ஏதோ ஒன்று சுள்ளி ஒடிவதுபோல ஒடிந்ததைக் காதால் கேட்டதாகப் பிறகு அக்காவிடம் சொன்னாள். வலி இல்லை. இடது கால் யாருடையதோ மாதிரி கிடந்தது.

மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். 'கட்' சொல்லும்படி இயக்குநரைப் பார்த்துக் கையை ஆட்டினார். இயக்குநர் ஒலிபெருக்கியில் சொன்னது வேறு: "அருமை! அப்படியே எந்திரி... மெதுவா எந்திரி..."

அவ்வளவு பெரிய கண்ணாடி ஒன்றே ஒன்றுதான் செய்து வைத்திருந்தார்கள். அது உடைந்துவிட்டது. அன்று எழாமல் கிடந்திருந்தால், அந்த ஷாட்டைக் கெடுத்தவள் என்ற பெயர் தொழில் முழுக்கப் பரவியிருக்கும். பூனை எழுந்தாள். காரிலிருந்து சறுக்கி இறங்கினாள். கழுத்தைச் சொடுக்கினாள். சித்திரக்கதையில் வருவதுபோலவே கேமராவை நோக்கி நடந்தாள். 'கட்' கேட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். கைதட்டல் அடங்குவதற்குள் அவள் கால்கள் மடிந்து தரையில் உட்கார்ந்தாள், பிறகு சாய்ந்தாள். மாஸ்டர்தான் ஓடி வந்து அவளைக் கைகளில் அள்ளிக்கொண்டு வண்டிக்கு ஓடினார். வழியெல்லாம் "ஒண்ணுமில்லடி, ஒண்ணுமில்லடி" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

முதுகெலும்பில் ஒரு எலும்பு விண்டு, அதன் துண்டு நரம்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்றார் மருத்துவர். அறுவை செய்து அதை எடுக்க வேண்டும். தள்ளிப்போட்டால் இடது கால் மெல்ல மெல்லப் போய்விடும். அறுவைக்கு ஆகும் செலவு அக்காவின் கடையை விற்றாலும் எட்டாதது. படக் கம்பெனி கவலைப்படாதீர்கள் என்றது. எல்லாருக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறது என்றது. பிறகு இன்சூரன்ஸ்காரர்கள் கம்பெனியிடம் விசாரித்தபோது, அந்தப் படத்தில் டூப் என்று யாரும் இல்லை, எல்லாச் சண்டையையும் கதாநாயகியே செய்தார் என்று அதே கம்பெனி பதில் சொன்னது. பேட்டிக்குப் பேட்டி கதாநாயகியும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு அடியும் என் உடம்புல வாங்குனது" என்று கண் கலங்கினார். நன்றாக நடிக்கத் தெரிந்தவர் என்பதில் சந்தேகமில்லை.

படம் வெளிவந்தது. அக்கா தனியாகப் போய்ப் பார்த்தாள். கண்ணாடி உடைந்தது, கார் நசுங்கியது, எழுந்து வந்த உடம்பின்மேல் கதாநாயகியின் முகம் இருந்தது. கம்ப்யூட்டரில் ஒட்டிவிட்டார்கள். அக்கா தியேட்டரிலேயே எழுந்து நின்றுவிட்டாள்.

"அடிப்பாவி! அது என் தங்கச்சி உடம்புடி!"

"உக்காரும்மா, மறைக்குது" என்றார்கள் பின்னால்.

அவள் உட்காரவில்லை. அந்தக் கழுத்துச் சொடுக்கின்போது உயரும் இடது முழங்கையில், சின்ன வயதில் கொதிக்கும் தண்ணீர் கொட்டிய தழும்பு அப்படியே இருந்தது. முகத்தை மாற்றியவர்கள் முழங்கையை மறந்துவிட்டார்கள்.

அந்தத் தழும்பை வைத்துத்தான் வழக்கு விபத்து இழப்பீட்டு அதிகாரியின் அறை வரை வந்தது. விசாரணைக்கு முந்தின வாரம் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். பூனையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கட் சொன்னதுக்கு அப்புறம் எடுத்ததையெல்லாம் அழிச்சுட்டாங்களாம். இருக்கட்டுமே, அதான் நான் இருக்கேன்ல?" என்றார். அக்கா அன்று வெகு நாளைக்குப் பிறகு பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

அதிகாரியின் அறை இரண்டாவது மாடியில். லிப்ட் வேலை செய்யவில்லை. முதுகில் பட்டையைக் கட்டிக்கொண்டு, அக்காவின் தோளைப் பிடித்து ஏறி முடிப்பதற்குள் பூனையின் சட்டை நனைந்துவிட்டது. அறையில் அதிகாரியும் கம்பெனி வக்கீலும் மாஸ்டரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். குமாஸ்தா டிவியில் அந்த ஷாட்டைப் போட்டார். கழுத்துச் சொடுக்கு வந்ததும் அவரை அறியாமல் "செம" என்றார்.

வக்கீல் எழுந்தார். தழும்பைப் பற்றிப் பேசவே இல்லை.

"இது இவங்கதான்னு நாங்க ஒத்துக்கறோம் சார். விழறாங்க, சரி. அடுத்து என்ன பண்றாங்க? எந்திரிக்கிறாங்க, நடக்கிறாங்க, கழுத்தை வேற சொடுக்கறாங்க. முதுகெலும்பு ஒடிஞ்சவங்க பண்ற வேலையா இது? ஊரே பார்த்திருக்கு. வேற எங்கயோ விழுந்துட்டு எங்க தலையில கட்டப் பாக்கறாங்க."

"ஏம்மா, ஒடிஞ்சிருந்தா நீ ஏன் எந்திரிச்சே?" என்று கேட்டார் அதிகாரி. கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

"எந்திரிக்கத்தான் சார் கூலி. விழ மட்டும்னா வேற யாரையாவது வச்சிருப்பாங்களே?"

"பாருங்க சார், தானாத்தான் எந்திரிச்சேன்னு அவங்களே சொல்லிட்டாங்க" என்றார் வக்கீல்.

அக்கா நாற்காலியை விட்டு எழப் போனாள். பூனை அவள் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். மாஸ்டரின் முறை இன்னும் வரவில்லையே.

மாஸ்டர் எழுந்து நின்றார். மோவாயைத் தடவினார்.

"கம்பிங்களை எல்லாம் அறுத்தாச்சா?" அதிகாரி கேட்டார்.

"எல்லாம் அறுத்துட்டோம் சார்."

"கட் சொன்னதுக்கு அப்புறம் இந்தப் பொண்ணு எப்படி இருந்துச்சு?"

"நான் பாக்கல சார். அடுத்த ஷாட்டு வேலைக்குப் போயிட்டேன். அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தா."

சாட்சியிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று அதிகாரி பூனையைக் கேட்டார். அவள் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"மாஸ்டர், என்னை வண்டிக்குத் தூக்கிட்டுப் போனது யாரு?"

மாஸ்டர் டிவியைப் பார்த்தார். அதில் கதாநாயகியின் முகம் சிரித்தபடி உறைந்து நின்றது.

"ஞாபகம் இல்லம்மா. கூட்டமா இருந்துச்சு."

காயம் படப்பிடிப்பில் ஏற்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அதிகாரி சொன்னார். வருத்தமாக இருக்கிறது என்றும் சொன்னார். சட்டப் புத்தகங்களில் விழுந்தவர்களுக்கு இடம் இருக்கிறது. எழச் சொல்லி எழுந்தவர்களுக்கு எந்தப் பக்கத்தில் இடம் என்று அவருக்குத் தெரியவில்லை, தேடவும் இல்லை. மேலே ஒரு அலுவலகம் இருக்கிறது, அங்கே முறையிடலாம் என்றார். அங்கே முறை வருவதற்குள் கால் மிஞ்சாது என்று மருத்துவர் சொல்லிவிட்டிருந்தார்.

இரண்டு மாடியையும் பூனை படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினாள். பாதியில் மேலேயிருந்து காலடிச் சத்தம் கேட்டது. குமாஸ்தா மூச்சிரைக்க ஓடி வந்தார். அதிகாரி மனசு மாறிக் கூப்பிடுகிறார் போலும் என்று அக்கா கையைக் கூப்பிவிட்டாள்.

"மேடம், ஒரே ஒரு போட்டோ. நம்பவே மாட்டாங்க வீட்டுல."

வாசலில் மாஸ்டர் நின்றிருந்தார். போயிருக்கலாம், போகாமல் நின்றிருந்தார்.

"ரெண்டாம் பாகம் ஆரம்பிக்கிறாங்க. நம்ம பசங்க நாப்பது பேருக்கு ஒரு வருஷத்துக்கு வேலை. கம்பி இருந்துச்சுன்னு நான் சொன்னா, முதல்ல என்னைத்தான் உள்ள தள்ளுவாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லு" என்றார். அவர் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன.

அக்கா தொடங்கினாள். சந்தையில் அழுகின தக்காளியைத் தள்ளிவிட்டுப் போகிற மொத்த வியாபாரியிடம் பேசும் பேச்சு அது. தாயாதி பங்காளி யாரையும் மிச்சம் வைக்கவில்லை. தெருவில் போனவர்கள் நின்றார்கள். மாஸ்டர் அவளைத் தாண்டிப் பூனையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பூனை, நீயாவது சொல்லும்மா. போதும்னு சொல்லு."

பூனை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடது கால் தரையில் சரியாகப் பதியவில்லை.

"நிறுத்தாதக்கா" என்றாள். "என்னால இழுத்து மூச்சு விட முடியல. எனக்கும் சேர்த்து நீயே திட்டு."