காதுக்காரருக்குக் கேட்காத சத்தம்

வீட்டுக்கு வாங்கும் மின்சாதனங்களையும் கம்ப்யூட்டர் சாமான்களையும் சோதித்துப் பார்த்து எழுதும் ஒரு மாதப் பத்திரிகையில் அவர் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்துவந்தார். அலுவலகத்தில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது விசாரித்தால், அப்படி ஒருவரும் இங்கே கிடையாது என்று வாசல் காவலாளியே திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒரு பொருள் சோதனைக்கு வந்தால் வேகத்தைப் பார்க்க ஒருவர், மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க ஒருவர், சூட்டைப் பார்க்க ஒருவர் என்று ஆள் உண்டு. சத்தம் மட்டும் காதுக்காரருடையது. சத்தம் எவ்வளவு என்பதை மீட்டர் சொல்லிவிடும். அது எப்படிப்பட்ட சத்தம், அதோடு ஒரு மனுஷன் ஒரே அறையில் குடியிருக்க முடியுமா என்பதை மீட்டர் சொல்லாது. அவர் சொல்வார். ஒரு ஃபிரிட்ஜைப் பற்றி, "அடுத்த அறையில் யாரோ நாற்காலியை மெதுவாக நகர்த்துவதுபோல் தொடங்குகிறது, நகர்த்தி முடிப்பதே இல்லை" என்று எழுதினார். ஒரு ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி, "தேடும்போது தகரத் தட்டில் பாசிமணி உருள்கிறது" என்று எழுதினார். வேகம், விலை என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பதையெல்லாம் தள்ளிவிட்டு, வாசகர்கள் முதலில் இந்த வரிகளைத்தான் தேடிப் படிப்பார்கள்.

கம்பெனிக்காரர்கள் பொறுக்கியெடுத்த நல்ல பீஸாகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒருமுறை அப்படி வந்த டிஸ்க்கை ஓடவிட்டுக் கேட்டவர், கடையில் விற்பது இது இல்லை என்று சொல்லிவிட்டார். கடையிலிருந்து ஒன்றை வாங்கிவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர் சொன்னதுதான் சரி. காதுக்காரருக்கே காது குத்த வந்தார்கள் என்று அலுவலகம் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து எதையும் கடையில் வாங்கித்தான் சோதிப்பது என்று ஆயிற்று.

சோதனை அறை இரண்டாவது மாடியில், பழைய இதழ்கள் அடுக்கியிருக்கும் அறைக்குப் பின்னால் இருந்தது. ஜன்னல் கிடையாது. நாலு சுவரிலும் முட்டை அட்டைபோல் மேடும் பள்ளமுமான கறுப்பு ஸ்பாஞ்ச். ஒரு மேசை, அதன்மேல் ரப்பர் விரிப்பு, ஒரு நாற்காலி. சோதனை நடக்கும்போது ஃபேன் போடக் கூடாது என்பதால் கால் மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். செருப்பைக் கழற்றி வெளியே விட்டு, கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். சத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் கருவி ஒன்று வாங்கலாமே என்று ஒருமுறை ஆசிரியரிடம் கேட்டார். "உங்க காது இருக்கும்போது அது எதுக்கு?" என்றார் ஆசிரியர். அதை வீட்டுக்குப் போய் மனைவியிடம் இரண்டு தரம் சொன்னார்.

ஒரு மாதம் ஆறு ஹார்ட் டிஸ்க்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் வேலை வந்தது. ஐந்து பழகிய கம்பெனிகள். ஆறாவது புதிது. சாம்பல் நிறத்தில், கட்டைவிரல் கனத்தில் இருந்தது. அதை இரண்டு நாள் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு இப்படி எழுதினார்: "சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது." அதற்கு முதலிடம். அந்த இரண்டு வரிகளையும் பெட்டியின்மேல் அச்சடித்துக்கொள்ளலாமா என்று கம்பெனி கேட்டது. ஆசிரியர் சரியென்றார்.

அடுத்த மாதம் மூன்று கடிதங்கள் வந்தன. டிஸ்க் கீச்சென்று கத்துகிறது என்றார்கள். அதற்கடுத்த மாதம் ஏழு. காதுக்காரர் அந்த டிஸ்க்கை எடுத்து மறுபடி மேசைமேல் வைத்து ஒரு காலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்தார். ஒன்றும் இல்லை; மீட்டரில் எண்ணும் குறைவாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரின் ஃபேனைச் சோதியுங்கள், திருகுகளை இறுக்குங்கள் என்று கடிதப் பகுதியில் பதில் எழுதினார். எழுதும்போது கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. பத்தொன்பது வருடம் இதே வேலையாக இருப்பவனுக்கு இவர்கள் சொல்லித்தர வருகிறார்களே என்று.

கடிதம் எழுதியவர்களில் ஒருத்தி நேரிலேயே வந்துவிட்டாள். நாற்பது வயதிருக்கும். கோர்ட்டு விசாரணை ஒலிப்பதிவுகளை வீட்டிலிருந்தே கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பவள். டிஸ்க்கைத் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். சண்டைபோட வந்தவள்போல் தெரியவில்லை. இந்தச் சத்தத்தில் சாட்சிகள் பேசுவது சரியாகப் பிடிபடவில்லை, வேலை பின்தங்குகிறது, வேறு வழி தெரியாமல் வந்தேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். மரியாதைக்காக அவளைச் சோதனை அறைக்கு அழைத்துப்போய், கதவைச் சாத்தி, டிஸ்க்கை ஓடவிட்டார்.

கண்ணில் வெளிச்சம் அடித்ததுபோல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதுதான் சார்."

அவர் குனிந்தார். டிஸ்க் சுழலும் மெல்லிய இரைச்சல் கேட்டது. எல்லா டிஸ்க்கும் போடுவதுதான்.

"எதைச் சொல்றீங்க?"

"அது இல்ல சார். அதுக்கு மேல, மெல்லிசா. ஊசி மாதிரி."

அவர் கேட்டதுபோல் தலையை ஆட்டினார். பிறகு அலுவலகத்தின் டிஸ்க்கை, முதலிடம் கொடுத்த அதே டிஸ்க்கை, எடுத்து மாட்டினார். இவளுடையது பழுதான பீஸ் என்று காட்டிவிடலாம் என்ற நினைப்பு.

"இதுவும் அதேதான்" என்றாள். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சார், உங்களுக்கு இது கேக்கலையா?"

"கேக்குது. என்னன்னு பார்க்கிறேன்" என்றார்.

டிஸ்க்கை அவரிடமே விட்டுவிட்டுப் போனாள். போகும்போது, இவ்வளவு பொறுமையாகக் கேட்டீர்களே என்று நன்றி வேறு சொன்னாள். அவள் போன பிறகு டிஸ்க்கைக் கன்னத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எலும்பில் லேசான அதிர்வு தெரிந்தது. சத்தம் வரவில்லை.

அந்த வாரமே காது டாக்டரிடம் போனார். அங்கேயும் ஸ்பாஞ்ச் ஒட்டிய சிறிய அறை ஒன்று இருந்தது. காதில் ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார்கள். இப்படிப்பட்ட அறையில் உட்கார்ந்து கேட்பதுதானே தன் பிழைப்பு என்று நிமிர்ந்து உட்கார்ந்து, மளமளவென்று அமுக்கினார். முடிந்ததும் சோதனை செய்த பெண் தயக்கத்தோடு கதவைத் திறந்தாள்.

"நான் சத்தம் குடுக்காதப்பவும் நாலஞ்சு தடவை அமுக்கிட்டீங்க சார். இன்னொரு தடவை பார்த்துடலாமா?"

அவருக்குக் காது மடல் சுட்டது. இரண்டாவது முறை நிச்சயமாகக் கேட்டால்தான் அமுக்குவது என்று வைத்துக்கொண்டார். பாதிக்கு மேல் விரல் சும்மாவே கிடந்தது.

டாக்டர் வரைபடத்தைக் காட்டினார். நேராக வந்த கோடு ஓரிடத்தில் சரிந்து கீழே போய்விட்டிருந்தது. கனத்த சத்தங்கள் கேட்கும், பேச்சும் இப்போதைக்குக் கேட்கும், மெல்லிய உச்சமான சத்தங்கள் போய்விட்டன, அவை திரும்ப வராது என்றார். கருவி மாட்டினால் பேச்சுக்கு உதவும், உங்கள் வேலைக்கு உதவாது என்றும் சொன்னார். எப்போதிலிருந்து என்று காதுக்காரர் கேட்டார். அதை யாராலும் சொல்ல முடியாது, ஐந்து வருடமும் இருக்கலாம் பத்தும் இருக்கலாம் என்றார் டாக்டர். கொஞ்சங் கொஞ்சமாகப் போவதால் போகிறவருக்கே தெரியாதாம்.

எப்போதிலிருந்து என்ற அந்தக் கேள்வி அவரை விடவில்லை. பழைய இதழ்களை வீட்டுக்குத் தூக்கிவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பி, தான் எழுதியதைத் தானே படித்தார். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கெட்டிலின் வீறிடல் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு டிஸ்க்கில் எங்கோ தூரத்து விசில். அதற்கப்புறம் அவர் எழுத்தில் ஒரு மெல்லிய சத்தம்கூட இல்லை. எல்லாம் உறுமல், முனகல், அரைப்பது, உருள்வது. நாலு வருடத்துக்கு முந்தைய ஆண்டு மலரில் அவரே ஒரு கட்டுரை எழுதியிருந்தார். இயந்திரங்கள் முன்னைப்போல் இல்லை, வருடத்துக்கு வருடம் அமைதியாகிக்கொண்டே வருகின்றன என்று, சந்தோஷமாக. அதைப் படித்துவிட்டு இதழை மூடிவைத்தார். ஐந்து வருடத்தில் நானூறு பொருளாவது இருக்கும். எது உண்மையிலேயே அமைதியானது, எது அவருக்கு மட்டும் அமைதியானது என்று இனி எப்படிப் பிரிப்பது? பாதிப் பொருள் இப்போது கடையிலேயே கிடையாது. வாங்கியவர்கள் வீட்டில் அவை கத்திக்கொண்டிருக்கும்.

மனைவி தபால் அலுவலகக் கவுன்ட்டரில் வேலை பார்ப்பவள். துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் போய், டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். கைக்காரியத்தை நிறுத்தாமல் கேட்டாள். ஐயோ என்றோ, பரவாயில்லை என்றோ சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தார்.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா? இத்தனை வருஷமா நான் எது சொன்னாலும் காதுல விழாத மாதிரியே இருந்தீங்களே. அது இதனாலயா? இல்ல, கேட்டும் கேக்காம இருந்தீங்களா?"

இதனால்தான் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. வீட்டுக்குள் பல விஷயங்கள் ஒரே வார்த்தையில் நேராகிவிடும். ஆனால் பேச்சு கேட்கும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தெரியல" என்றார்.

"தெரிஞ்சா சொல்லுங்க" என்றாள். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இருந்தாலும் அவர் கூப்பிட்டதும் விடுமுறை நாளில் அலுவலகத்துக்கு வந்தாள். ஆறு டிஸ்க்கையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டார். முதலாவது சத்தம் போடுகிறது என்றாள். எப்படிப்பட்ட சத்தம்? எரிச்சலாக இருக்கிறது. எந்த மாதிரி எரிச்சல்? பல் கூசுகிற மாதிரி. அவர் ஆவலோடு எழுதிக்கொண்டார். மூன்றாவதுக்கும் அதையே சொன்னாள்; மற்ற நாலும் சத்தமில்லை என்றாள். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டதற்கு, வித்தியாசமெல்லாம் தெரியவில்லை, தலை வலிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. அவள் கேட்ட சத்தத்துக்கு அவர் வார்த்தை தேட முடியாது. ஆறில் இரண்டு கத்துகின்றன, அதில் ஒன்றுக்குத் தான் முதலிடம் கொடுத்திருக்கிறோம் என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் ஒரு பக்கம் எழுதி ஆசிரியர் மேசையில் வைத்தார். எனக்கு உச்சமான சத்தங்கள் கேட்பதில்லை, ஐந்து வருடமாகவாவது கேட்டிருக்காது, அந்த வருடங்களில் நான் "சத்தமில்லை" என்று எழுதியவற்றை வாசகர்கள் நம்ப வேண்டாம் என்று. ஆசிரியர் படித்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இதைப் போட்டா அஞ்சு வருஷத்துப் பத்திரிகையை யாரு நம்புவாங்க?"

"நம்பக் கூடாதுன்னுதானே சார் எழுதியிருக்கேன்."

ஆசிரியர் கெட்டவர் இல்லை. இந்தப் பத்திரிகையை நம்பிப் பதினேழு குடும்பம் இருக்கிறது என்றார். உங்களை வேலையைவிட்டு அனுப்பப்போவதில்லை, உங்களுக்கு வந்தது நாளைக்கு எனக்கும் வரலாம் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை உதறிவிட்டுப் பேசக் காதுக்காரருக்கு வரவில்லை. அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நாலு வரி வந்தது. குறிப்பிட்ட டிஸ்க்கின் சில பீஸ்களில் சத்தம் வருவதாக வாசகர்கள் தெரிவிக்கிறார்கள், வாங்குமுன் ஓடவிட்டுக் கேட்டுப் பார்க்கவும் என்று. அவர் எழுதிய பக்கம் ஆசிரியரின் இழுப்பறையில் தங்கிவிட்டது. சத்தத்தைக் கோடாக வரையும் கருவியை அந்த மாதமே வாங்கினார்கள்.

அவருக்கு இஸ்திரிப் பெட்டி, மேசை விளக்கு, டோஸ்டர் என்று ஒதுக்கினார்கள். வயர் எத்தனை அடி, எத்தனை நிமிடத்தில் சூடாகிறது, கைப்பிடி சுடுகிறதா. வேலையில் குறை வைக்கவில்லை. அலுவலகத்தில் இன்னும் காதுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் பெயரின் காரணம் கேட்டால் பக்கத்து மேசைக்காரர் பெருமையாகவே சொல்வார். இவர் விளக்கின் ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருப்பார்.

தட்டச்சு செய்யும் பெண்ணுக்கு, மனைவி சத்தமில்லை என்று சொன்ன டிஸ்க் ஒன்றைத் தானே வாங்கி அனுப்பினார். அவருக்குக் கேட்காததையும் ஒளிக்காமல் கடிதத்தில் எழுதினார். பதில் வந்தது. இதுவும் லேசாகக் கத்துகிறது, ஆனால் சமாளித்துக்கொள்கிறேன், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாள். மனைவிக்கு அது கேட்காமல்போனது எப்படி என்று அவர் யோசித்தார். அவளிடம் கேட்கவில்லை.

ஒரு மாலை, ஒரு பிளக் வாங்க எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனார். கண்ணாடி அலமாரிக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். கணவன் கையில் அந்தச் சாம்பல் டிஸ்க்கின் பெட்டி. மேலே இருந்த வரிகளை மனைவிக்குப் படித்துக் காட்டினான். குழந்தை தூங்கும் அறையில் வைக்க இதுதான் சரி என்றாள் அவள். காதுக்காரர் கிட்டே போனார்.

"அதை வாங்காதீங்க. சத்தம் வரும்."

"நீங்க எந்தக் கம்பெனி சார்?" என்று கேட்டான் அவன்.

"கம்பெனி இல்ல. அந்த வரியை எழுதினதே நான்தான். எனக்குக் காது சரியா கேக்காது."

அவன் பெட்டியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பிறகு கடைக்காரரைப் பார்த்தான். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். அந்தப் பெண் கணவனின் முழங்கையை லேசாக இடித்தாள்.

"அப்படிங்களா சார், சரி" என்றான் அவன், பெரியவர்களிடம் பேசும் பணிவோடு. பெட்டியைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு பணம் கட்டும் இடத்துக்குப் போனான்.

காதுக்காரர் அலமாரியைப் பார்த்தார். அதே பெட்டி இன்னும் ஒன்பது இருந்தது. என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். மூன்று முனைப் பிளக் ஒன்று கேட்டு வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவர்களுக்குப் பின்னால் வரிசையில் போய் நின்றார்.