லியோனில் மாற்றிய சட்டைகள்

மேனேஜரின் முதுகுப்பையை நினைத்தால் எனக்கு இன்னும் அந்தச் சட்டைகள்தான் கண்ணுக்கு முன்னால் வருகின்றன. இஸ்திரி மடிப்புக் கலையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒன்று நீலம், ஒன்று கட்டம் போட்டது, ஒன்று இளஞ்சிவப்பு. பிரான்சில் லியோன் நகரத்து மருந்துக் கம்பெனி ஒன்றுக்கு நாங்கள் செய்துகொடுத்த சாஃப்ட்வேரில் ஏதோ கோளாறு என்று நியூ ஜெர்சியிலிருந்து எங்கள் இருவரையும் அவசரமாக அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமையோடு வேலை முடிந்தது. விமானத்துக்கு முன் சனிக்கிழமைப் பகல் மட்டும் கையில் இருந்தது. ஊரைப் பார்க்கலாமா என்று அவரே கேட்டபோது எனக்கு ஆச்சரியம். நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊரிலிருந்த எங்கள் ஆபீஸில் மதியச் சாப்பாட்டைக்கூடக் கம்ப்யூட்டர் முன்னால் தனியாக முடித்துக்கொள்கிற மனிதர். அங்கே எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என்னுடையது ஈரோட்டில் வளர்ந்த வாய், அதில் பெயர் வராது. சார் என்பேன், அவரும் திருத்தித் திருத்திச் சலித்து விட்டுவிட்டார்.

இரண்டு ஆறுகள் வந்து சேர்கிற ஊர் அது. பழைய பகுதியில் வீடுகளுக்குள்ளேயே புகுந்து அடுத்த தெருவுக்குப் போகலாம். ஒரு கதவைத் தள்ளினால் இருட்டு நடை, அதைத் தாண்டினால் கிணற்றுக்குள் நிற்பதுபோல் ஒரு முற்றம், சுற்றிச் சுற்றி ஏறும் கல் படிக்கட்டு, பிறகு திடீரென்று வெயிலும் காப்பிக் கடை நாற்காலிகளும். கொஞ்சம் நின்று பார்க்க ஆசைப்பட்டேன். அவர் விட்டால்தானே? போனை என் கையில் திணித்து, வயிற்றை எக்கிக்கொண்டு, பல் தெரியச் சிரித்தபடி நின்றுவிடுவார். நாலைந்து படம் எடுத்ததும் சட்டை மாற்ற இடம் தேடிக் கிளம்பிவிடுவார். பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டேன்.

"என்ன சார், கல்யாண ஆல்பமா?"

அவர் சிரிக்கவில்லை. "அம்மாவுக்கு அனுப்பணும். நானும் அவளும் ஒரு வாரம் டூர் வந்திருக்கோம்னு சொல்லிருக்கேன். டெய்லி ஒண்ணா அனுப்பணும்ல, ஒரே ஷர்ட்டா இருந்தா கண்டுபிடிச்சிருவாங்க."

அவள் என்றது மனைவியை. அந்தப் பெண்மணி பிரிந்து கலிபோர்னியாவுக்குப் போய்ப் பல காலம் ஆகியிருந்தது. ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும், யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. தேனிப் பக்கம் தனியாக இருந்த அவருடைய அம்மாவுக்கு இதயம் பலவீனம். அம்மாவுக்கு மட்டும் இந்தப் பிரிவு தெரியவே கூடாது என்பதில் மேனேஜர் உறுதியாக இருந்தார். "போட்டோல அவ ஏன் இல்லன்னு கேட்டா, எடுக்கறதே அவதாம்மான்னு சொல்லிருவேன்" என்றார். இதற்கு முன் எத்தனை ஊர்களில், முன்பின் தெரியாதவர்களிடம் போனை நீட்டி இப்படிச் சிரித்தபடி நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பாவமாக இருந்தது. பெற்ற தாயிடம் எதற்கு இந்த நாடகம் என்று கோபமும் வந்தது.

குன்றின் மேலிருக்கும் தேவாலயத்துக்கு ஏறுமுன், இளஞ்சிவப்புச் சட்டையை எடுத்துக்கொண்டு ஒரு கடையின் கழிவறைக்குள் போனார். போன் என்னிடம் இருந்தது. அம்மா என்று திரையில் காட்டி வீடியோ அழைப்பு வந்தது. விட்டுவிட்டேன். மறுபடியும் அடித்தது, நின்றது, திரும்ப அடித்தது. வயதானவர், உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தால்? பயந்துபோய் எடுத்துவிட்டேன். முதலில் நெற்றி மட்டும் தெரிந்தது, பிறகு முழு முகம்.

"படம் புடிக்கிற புள்ள நீதானா தாயி?"

சாரோடு வேலை பார்க்கிறவள் என்று ஏதோ உளறினேன்.

"பதறாத. அவ போறப்பவே எனக்குப் போனப் போட்டுச் சொல்லிட்டுத்தான் போனா. அவளும் அழுதா, நானும் அழுதேன். இவன் வாயால சொல்லட்டும்னு பாத்துக்கிட்டே இருக்கேன், சொல்ல மாட்டேங்கிறான்." முகத்தைத் திரைக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தார். "நெசத்தச் சொல்லு. ஒழுங்காச் சாப்புடுறானா?"

"சாப்பிடறாருங்கம்மா."

"எனக்குத் தெரியும்னு அவன்கிட்டச் சொல்லிப்புடாத தாயி. வீடியோவுல கூப்பிட்டா எடுக்க மாட்டான், வீடு வெறிச்சுன்னு கெடக்குறது தெரிஞ்சு போகும்ல. இப்ப இதும் தெரிஞ்சா வெக்கப்பட்டுக்கிட்டுப் படம் அனுப்புறதையும் நிறுத்திப்புடுவான். அதுலதான் நான் எம்புள்ள மொகத்தப் பாக்குறேன்."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மேனேஜர் வெளியே வந்தபோது அழைப்பு முடிந்திருந்தது. அம்மா கூப்பிட்டாங்க சார், எடுத்தேன், சிக்னல் இல்லாமல் படமும் வரவில்லை, சத்தமும் வரவில்லை என்றேன். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேலே ஏறினோம். ஊர் முழுவதும் ஓட்டுக் கூரைகளாகக் கீழே பரந்து கிடந்தது. பக்கத்தில் வந்து எடுக்கட்டுமா, முகம் பெரிதாகத் தெரியும் என்று கேட்டேன். "மூஞ்சி எதுக்கு, சர்ச் ஃபுல்லா வரட்டும்" என்றார். நான் கிட்டே போய் முகத்தையே எடுத்தேன்.

இப்போது அவர் டெக்சாஸில், ஆலன் என்ற ஊரில் இருக்கிறார். சமீபத்தில் அவருடைய அம்மா தவறிவிட்டதாகத் தெரிந்து செய்தி அனுப்பியிருந்தேன். காரியமெல்லாம் முடித்துத் திரும்பியபின் ஒரு நாள் மாலை அவரே கூப்பிட்டார். வெகுநேரம் மருத்துவமனை பற்றி, டிக்கெட் கிடைக்காமல் அலைந்தது பற்றிப் பேசினார். அவருடைய பக்கத்தில் வேறு குரலோ டிவி சத்தமோ இல்லை.

"கடைசி வரைக்கும் அம்மாவுக்குத் தெரியாமயே பாத்துக்கிட்டேன். அது ஒண்ணுதான் எனக்கு நிம்மதி" என்றார்.

சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. போனவருக்குக் கொடுத்த வாக்கு போனதோடு தீர்ந்ததா, இல்லை இனிமேல்தான் காக்க வேண்டியதா என்று எனக்கு விளங்கவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

"ஆமாங்க சார்" என்றேன்.