புங்க மரத்தடியில் ஓர் ஆபீஸ்

சில்வெஸ்டர் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனாலும் நீலசந்திராவிலிருந்து வைட்ஃபீல்டுக்குப் பன்னிரண்டு பட்டதாரிகளைத் தினமும் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் அவர்தான். கிளீனராகச் சேர்ந்து, ஸ்டியரிங் பிடித்து, கடைசியில் வேனுக்கே சொந்தக்காரர் ஆனவர். யார் தயவும் கிடையாது. பெங்களூரு டிராஃபிக்கே தன்னைக் கண்டால் ஒதுங்கும் என்பார். போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகிறதே என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

அந்த வேனுக்குத்தான் ஆபத்து வந்தது. ஒரு வாரம் வீட்டிலிருந்தே வேலை செய்து பாருங்கள், வெள்ளிக்கிழமை வீடா ஆபீஸா என்று கை தூக்குங்கள், வீடு என்றால் வேனை நிறுத்திவிடலாம் என்று அவர்களுடைய கம்பெனி சொல்லிவிட்டது.

"ஜாலி அங்கிள்! நல்லா தூங்கலாம்" என்று குதித்தாள் வேனில் வரும் சோஃபியா.

"தூங்கு தாயி. என் சீட்டுல தூங்குற மாதிரி வருமான்னு பாக்கலாம்."

திங்கட்கிழமை, புங்க மரத்தடியில் சும்மா நின்ற வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். சோஃபியா லேப்டாப்பும் கையுமாக ஓடிவந்தாள்.

"கதவத் திறங்க அங்கிள்! அத்தை குக்கரு, மாமா டிவி, மாடி வீட்டுல மிக்ஸி. 'மேடம், கல்யாண மண்டபத்துலயா இருக்கீங்க'ன்னு கஸ்டமர் கேக்குறாரு!"

செவ்வாய்க்கிழமை நாலு பேர் வந்தார்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு சீட்டும் நிரம்பிவிட்டது. சில்வெஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போன ஆட்டோக்காரரை மடக்கி, "ஏய் குரு, ஹார்ன் அடிக்காதே! உள்ள ஆபீஸ் நடக்குது" என்று அதட்டினார்.

மீட்டிங் தொடங்கியது. மேனேஜர் தேசிகன் திரையில் கண்ணைச் சுருக்கினார்.

"சோஃபியா, பின்னாடி யாரு, ரங்கநாதனா? எல்லாரும் வேன்லயா இருக்கீங்க? எங்க கிளம்பிட்டீங்க?"

"கிளம்பல சார். வொர்க் ஃப்ரம் ஹோம்."

தேசிகன் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்த வேன்லயே உக்காருவீங்கன்னா, நேரா இங்க வந்துடுங்களேன்!"

சில்வெஸ்டர் கையிலிருந்த டீயை உறிஞ்சக்கூட மறந்து நின்றார்.

"ரெண்டு மணி நேரம் போகணுமே…" என்று இழுத்தாள் சோஃபியா.

"அஞ்சு நாளா நகராத வேன்ல உக்காந்திருக்கோம்மா. நகந்தா குறைஞ்சா போயிடுவோம்? ஆபீஸே சரி!" என்று ரங்கநாதன் கை தூக்கினார். தூக்கியவர்களை எண்ணினால் பன்னிரண்டு. உற்சாகத்தில் சில்வெஸ்டரும் தூக்கிவிட்டார், பதின்மூன்று.

அப்படியே தாவி ஏறி வண்டியைக் கிளப்பினார்.

"அங்கிள், மீட்டிங் முடியல!"

"போறதுக்குள்ள முடிஞ்சிடும் தாயி!"

மாரத்தஹள்ளி டிராஃபிக்கில் வேன் அசையாமல் நின்றது. அந்த மீட்டிங் முடிந்தது. இன்னொன்று ஆரம்பித்து அதுவும் முடிந்தது. சில்வெஸ்டர் மீசையை நீவிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்க, எந்த ஆபீஸ்ல இவ்ளோ வேலை நடக்குது?"