இறங்கிவிட்ட ஹீட் மீட்டர் முள்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதி யார் படிக்கப்போகிறார்கள் என்பது ஒரு காரணம். எழுதினால் கடைசியில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டி வரும் என்பது இன்னொன்று. ஆனால் போன வாரம் கடைத்தெருவில் அந்தக் கல்யாணப் பெண்ணின் தாய்மாமனைப் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு கிளப்பிய எரிச்சலில்தான் பேனாவை எடுத்தேன்.

எண்பத்திரண்டாம் வருடம், வைகாசி மாதம், எங்கள் புதுச்சேரி டவுனில் நடந்தது. அப்போது எனக்கு இருபத்தொரு வயது. என் நண்பன் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தான். பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்கும் ஒருவர் வீட்டில் கோழி அடைந்து கிடந்த பழைய காரை வாங்கி, ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதன் எஞ்சினுக்குள்ளேயே போட்டு ஓட வைத்தான். ஓடியதும் பட்டறை வேலையை விட்டுவிட்டான். அந்தக் கார் வாடகைக்கு ஓடினால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரியும். அதற்கு டிரைவர் நான்.

கிழட்டு வண்டி, தண்ணீர் நிறையக் குடிக்கும். முந்தின நாளே அவன் ஒரு கேன் நிறைய தண்ணீர் பிடித்து டிக்கியில் வைத்துவிடுவான். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நான் அதை எடுத்து ரேடியேட்டரில் ஊற்ற வேண்டும். பாதிக் கேன் இறங்கும். ஹீட் மீட்டர் கண்ணாடியில் தங்கச்சியின் நகப்பாலிஷால் ஒரு சிவப்புக் கோடும் போட்டிருந்தான். முள் கோட்டைத் தொட்டால், உள்ளே யார் உட்கார்ந்திருந்தாலும் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். அதுதான் அவன் சட்டம்.

நான் சும்மா இருப்பேனா? "நகத்துக்கு ஆச்சு, அடுத்து வளையல் போட்டு உடு. நல்ல எடமா பாத்துக் கட்டிக் குடுத்துடலாம்" என்பேன். அவன் சிரிப்பான். ஆனால் தினமும் காலையில் "தண்ணி ஊத்தினியா?" என்று கேட்காமல் விடமாட்டான்.

ஒரு கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை அழைப்புக்காக வண்டி பேசியிருந்தார்கள். அன்றும் கேட்டான். "வண்டிக்கும் ஊத்தினேன், எனக்கும் ஊத்திக்கினேன்" என்றேன். தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

பகல் முழுக்க சேதராப்பட்டுக்கும் டவுனுக்குமாக உறவுக்காரர்களை ஏற்றி இறக்கினேன். சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். பெண்ணின் தாய்மாமன் மீன் வலை மாதிரி பின்னிய சாமந்திப் பூவோடு வந்தார். வண்டியின் முன்பக்கம் முழுக்க அதைப் போர்த்திக் கட்டினார்கள். ரோடு தெரிய எனக்கு ஒரு முகம் அளவு ஓட்டை. ரேடியேட்டருக்குக் காற்று போக அதுகூட இல்லை.

"அண்ணே, வண்டி மூக்க மூடாதீங்க, மூச்சு முட்டிப் பூடும்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். காலையிலிருந்து அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையிடமே, "ஓடணும்னா இப்பவே சொல்லிடு, திண்டிவனம் ரோடு காலியாத்தான் இருக்கு" என்று சொன்னவன் நான். அப்படிப்பட்டவன் பேச்சை யார் எடுத்துக்கொள்வார்கள்?

முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் முதல் கியரில் வண்டி. ஆமை எங்களைத் தாண்டிப் போயிருக்கும். இரண்டாவது தெருவில் முள் ஏற ஆரம்பித்தது. மூன்றாவது தெருவில் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

"அண்ணே, ஹீட் ஏறிடுச்சு. வண்டிய நிறுத்தணும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாய்மாமன், "மாப்ளைக்கே ஏறல, ஒனக்கு இன்னாடா ஏறுது?" என்றார். பின் சீட்டில் ஒரே சிரிப்பு.

"வெளாடலண்ணே. நெசமாத்தான் சொல்றேன்."

அவர் முகம் மாறியது. "மாப்ள வண்டி நடுவழில நிக்கக் கூடாது. நின்னா என் அக்கா பொண்ணு வாழ்க்கையே நின்ன மாதிரி. ஓட்டுடா."

ஓட்டினேன். நாலு தப்படி போயிருப்போம், முள் லேசாக ஆடியது. ஆடிவிட்டு சரசரவென்று இறங்கி, காலையில் கிளம்பும்போது இருந்த இடத்துக்கே வந்து படுத்துக்கொண்டது.

"பாத்தியா? மாப்ள ராசி" என்று அவர் என் முதுகில் தட்டினார். நானும் நம்பினேன். "முள்ளே மாப்ளைக்குக் கும்பிடு போடுதுண்ணே" என்று வேறு சொன்னேன்.

பிறகுதான் நண்பன் விளக்கினான். அந்த மீட்டர் தண்ணீரின் சூட்டைத்தான் பார்க்கிறது. தண்ணீரே வற்றிப்போனால் அது எதைப் பார்க்கும்? சூடு குறைந்து முள் இறங்கவில்லை. உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இறங்கியது.

தன் வண்டி ஊர்வலம் போகிற அழகைப் பார்க்க அவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சோடாக் கடை ஓரம் நின்றிருந்தான். அத்தனை வாத்தியச் சத்தத்திலும் எஞ்சின் அடித்துக்கொள்வது அவன் காதில் விழுந்திருக்கிறது. ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினான். அடுத்த நொடி முன்பக்கத்துப் பூவைப் பிய்த்துப் போட்டு பானட்டைத் தூக்கினான்.

தாய்மாமன் இறங்கி அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டார். "நல்ல காரியத்துல பூவப் பிக்கறியா?"

அவன் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. எஞ்சினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அந்த ஆளை அடிக்க முடியவில்லை, சுற்றிலும் அவர் சனம். எதையாவது செய்தாக வேண்டும் என்ற வெறியில் டிக்கியைத் திறந்து கேனைத் தூக்கிவந்து, ரேடியேட்டர் மூடியைத் திருகி எறிந்து, அப்படியே கவிழ்த்தேன்.

"ஊத்தாதடா" என்று அவன் கத்தியது, ஊற்றிய பிறகுதான் காதில் விழுந்தது. உள்ளே டக்கென்று ஒரு சத்தம், அடுப்பில் காய்ந்த மண்சட்டி பச்சைத்தண்ணீர் பட்டு வெடிப்பது போல. அவன் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மாப்பிள்ளை இறங்கினார். கழுத்து மாலையைக் கழற்றித் தோழன் கையில் கொடுத்துவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, எங்களோடு சேர்ந்து வண்டியை ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு மண்டபத்துக்கு நடந்தே போனார். அவருக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், நன்றாக இருக்கிறார்கள். நின்றுபோனது என் நண்பனின் பிழைப்புதான். எஞ்சின் விரிசல் விட்டுவிட்டது. பழைய பட்டறைக்கே போய் நின்றான். அவன் இடத்தில் வேறு ஆள் இருந்ததால் ஹெல்பராகச் சேர்த்துக்கொண்டார்கள். வண்டி மறுபடி ஓட இன்னும் இரண்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

இத்தனை வருடமாக அந்தத் தாய்மாமனை நான் திட்டாத டீக்கடை இல்லை. அவர் பூவைத் திட்டியிருக்கிறேன், சகுனத்தைத் திட்டியிருக்கிறேன், அறைந்த கையைத் திட்டியிருக்கிறேன். நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடிப்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் இதுதான். டிக்கியிலிருந்து நான் தூக்கிவந்த அந்தக் கேன் கழுத்து வரை நிறைந்திருந்தது. தளும்பி என் கால்சட்டையெல்லாம் நனைந்தது. காலையில் நான் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை.

அந்த ஆள் மேல் இருக்கிற கோபம் இன்றைக்கும் குறையவில்லை, அவர் செய்ததும் சரியில்லை. ஆனால் அவரைத் திட்டிக்கொண்டே இருந்த வரைக்கும் அந்தக் கேன் என் கண்ணில் படாமல் இருந்தது, அதற்காகத்தான் அத்தனை சத்தமாகத் திட்டியிருக்கிறேன்.

இப்போதும் அந்த வண்டிக்கு நான்தான் டிரைவர். இதைப் பத்திரிகைக்குத் தபாலில் போடுவதற்கு முன், இன்று காலை நண்பனிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். கைக் கிரீசைத் துடைத்துக்கொண்டே கேட்டவன் சொன்னான்:

"அன்னிக்கே தெரியும்டா, இன்னிக்கு ஊத்தினியா?"